போஸ்ட்கிரெஸை நம்பி இறங்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டேட்டாபேஸ், அதாவது தகவல்களை டேபிள்களாக அடுக்கிச் சேமிக்கும் மென்பொருள், பற்றியவை. அதிலும் போஸ்ட்கிரெஸ் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் பற்றி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். சீசனில் வரும் லாரிகளின் எடைச்சீட்டு எல்லாம் இதுவரை எக்ஸெல்லில்தான். புதிதாக மென்பொருள் எழுதித் தருகிற தம்பி போஸ்ட்கிரெஸ் போடலாம், இலவசம் என்கிறார். இன்றைக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு நாளைக்கு பில் அனுப்புவார்களோ என்று எங்கள் முதலாளிக்குப் பயம். எடை போடும்போது கரண்ட் போனால் கணக்கு என்னாகும் என்பது என் பயம்.
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: முதலாளியின் பயம் நியாயமானதுதான், ஆனால் போஸ்ட்கிரெஸ் விஷயத்தில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் பில் அனுப்புவதற்கு அங்கே முதலாளி என்று யாரும் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது அது. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதில் டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள், 1996-ல் இப்போதைய பெயர் வந்தது. அப்போதிலிருந்து பல நாடுகளில் இருக்கும் ஒரு குழு அதை வளர்த்து வருகிறது. அந்தக் குழுவில் பலருக்குப் பல கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன, ஆனால் எந்த ஒரு கம்பெனியும் இது என்னுடையது என்று கதவைச் சாத்த முடியாது. பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உரிமக் குறிப்பை மட்டும் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு பிரபல டேட்டாபேஸின் கதை வேறு. ஸ்வீடனில் ஒரு கம்பெனியாகத் தொடங்கியது, 2008-ல் சன் நிறுவனம் அதை வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. இன்றும் அதற்கு இலவசப் பதிப்பு இருக்கிறது, அது ஓப்பன் சோர்ஸ்தான். ஆனாலும் உங்கள் முதலாளிக்கு வந்த அதே சந்தேகம் அதை உருவாக்கியவருக்கே வந்ததால்தான் மரியாடிபி என்று தனியாக ஒன்று பிரிந்தது. இலவசம் என்றதும் ஒன்றை மட்டும் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்: உரிமத்துக்குத்தான் காசில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு.

இப்போது உங்கள் கரண்ட் விஷயம். எடைச்சீட்டைச் சேமிக்கச் சொன்னதும் போஸ்ட்கிரெஸ் அந்த மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டுக் கோப்பில் எழுதும், அது டிஸ்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் 'முடிந்தது' என்று பதில் தரும். டேபிளில் எழுதுவதெல்லாம் அப்புறம்தான். நடுவில் கரண்ட் போனால், திரும்ப ஆன் செய்ததும் அந்தப் பதிவேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். லோடு எடை, வெறும் வண்டி எடை, விவசாயி கணக்கில் வரவு இந்த மூன்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் மூன்றும் ஏறியிருக்கும், இல்லையென்றால் மூன்றும் ஏறியிருக்காது. எடை ஏறி வரவு ஏறாமல் நிற்கிற நிலைமை வராது. வேகத்துக்காக, எழுதியது டிஸ்கில் இறங்கும்வரை காத்திருக்கச் செய்யும் 'எஃப்சிங்க்' என்ற அமைப்பை அணைத்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதை அணைத்தால் நான் மேலே சொன்ன உறுதி முழுக்கப் போய்விடும். சில மலிவான டிஸ்குகள் எழுதி முடிக்காமலே எழுதிவிட்டேன் என்று சொல்லும், ஆகவே யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மைஎஸ்க்யூஎல்தான் சொல்லித் தருகிறார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் இன்டர்வியூ போன சீனியர்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் கேட்டார்கள் என்கிறார்கள். உண்மையில் எது நல்லது?
— ஒரு மாணவி, தருமபுரி

பதில்: நீங்கள் படித்த எஸ்க்யூஎல்லில் பெரும்பகுதி அப்படியே உதவும், பயப்பட வேண்டாம். இரண்டில் என் கை எப்போதும் போஸ்ட்கிரெஸ் பக்கம்தான் போகும். காரணம் வேகம் இல்லை, கண்டிப்பு. எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு 'செக்' விதி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் வெகுகாலம் அந்த விதியைப் பிழையில்லாமல் வாங்கிக்கொண்டது, ஆனால் அமல்படுத்தவில்லை. 2019-ல் வந்த 8.0.16 பதிப்பில்தான் அது உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு முன்னால் எழுதிய எத்தனையோ மென்பொருள்களில் அந்த விதி வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் விதி என்று எழுதினால் அது விதி.

இன்னொன்று, டேபிளின் அமைப்பை மாற்றுவதையே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைக்கலாம். மூன்று டேபிள்களில் புதுக் காலம் (நெடுவரிசை) சேர்க்கிறீர்கள், மூன்றாவதில் பிழை வருகிறது, ரோல்பேக் கொடுத்தால் மூன்றும் பழையபடி ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த இடத்திலேயே உறுதியாகிவிடும், பாதியில் நின்றால் பாதியில் நின்றதுதான். ராத்திரி நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் கை வைத்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி, நம்ம ஊர் சங்கதியிலேயே. ஓசூர் 1965 அக்டோபர் 2-க்கு முன் சேலம் மாவட்டம், அன்று முதல் தருமபுரி மாவட்டம், 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர், மாவட்டம், செல்லும் காலம் என்று மூன்று நெடுவரிசை உள்ள டேபிள் ஒன்று போடுங்கள். செல்லும் காலத்துக்குத் தேதி வரம்பு என்கிற வகை போஸ்ட்கிரெஸில் உண்டு, தொடக்க நாள் சேரும், முடிவு நாள் சேராது என்று ஒரே மதிப்பாகவே எழுதலாம். அதன் மேல் 'எக்ஸ்குளூஷன்' விதி ஒன்று போட்டால், ஒரே ஊர் ஒரே நாளில் இரண்டு மாவட்டத்தில் இருப்பதாக யார் பதிய முயன்றாலும் டேபிளே மறுத்துவிடும். அதற்கு 'பிட்ரீ ஜிஸ்ட்' என்ற எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதித் தொகுப்பை)ச் சேர்க்க வேண்டும். இதே விதிதான் ஒரு லாட்ஜ் அறையை ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கொடுக்காமலும் தடுக்கும். இன்டர்வியூவில் இதை எழுதிக் காட்டுங்கள், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். தோப்பின் எல்லை, சர்வே எண் என்று நிலப்பரப்பை வைத்து வேலை செய்ய ஆசை இருந்தால் அதற்கான எக்ஸ்டென்ஷனான போஸ்ட்ஜிஐஎஸ் பக்கம் போங்கள், இலவச மென்பொருளில் அதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை.

மைஎஸ்க்யூஎல்லைக் கீழே தள்ளவும் மாட்டேன். மலிவான ஹோஸ்டிங் எங்கு வாங்கினாலும் அது கிடைக்கும், வேர்டுபிரஸ் அதன் மேல்தான் ஓடுகிறது, பிரைமரி கீயை (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளத்தை) வைத்து ஒரு பதிவைத் தேடி எடுப்பதில், பதிவுகளைச் சேமித்து வைக்கும் அதன் இன்னோடிபி என்ற பகுதி மிகக் கெட்டிக்காரன். பதிவை அடிக்கடி அப்டேட் செய்கிற வேலையிலும் போஸ்ட்கிரெஸுக்கு இருக்கிற ஒரு பெரிய தலைவலி அதற்குக் கிடையாது. அந்தத் தலைவலி என்ன என்று அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: சிப்காட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். நாற்பது மெஷின்களின் நிலையைச் சில நொடிக்கு ஒரு முறை ஒரு டேபிளில் அப்டேட் செய்கிறோம். டேபிளில் இருப்பது நாற்பதே பதிவு, ஆனால் அதன் சைஸ் பல ஜிபி ஆகிவிட்டது, ஸ்கிரீன் திறக்கவே நேரமாகிறது. ஆட்டோவேக்யூம் ஆன் செய்துதான் இருக்கிறது. டேட்டாபேஸில் ஏதாவது கோளாறா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கோளாறு இல்லை, அதன் குணமே அப்படி. போஸ்ட்கிரெஸ், எழுதியதை அழித்து அதே இடத்தில் திருத்தாமல் அடுத்த வரியில் புதிதாக எழுதி, பழைய வரியை அப்படியே விட்டுவைக்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. ஒரு அப்டேட் என்றால் அந்தப் பதிவின் புது நகல் ஒன்று உருவாகிறது, பழைய நகல் டேபிளிலேயே கிடக்கிறது. இதனால் பெரிய நன்மை உண்டு: மேனேஜர் ஒரு நீண்ட ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மெஷின்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம், படிப்பவர் எழுதுபவரைத் தடுக்க மாட்டார், எழுதுபவர் படிப்பவரைத் தடுக்க மாட்டார், ரிப்போர்ட் தொடங்கிய நேரத்தில் இருந்த நிலையை அது கடைசி வரை மாறாமல் பார்க்கும். இந்த நன்மைக்கும் உங்கள் தொந்தரவுக்கும் வேர் ஒன்றுதான். பழைய நகல்களை யாராவது கூட்டித் தள்ள வேண்டும், அந்த வேலைக்குப் பெயர் வேக்யூம், அதைத் தானாகச் செய்வது ஆட்டோவேக்யூம்.

ஆட்டோவேக்யூம் வழக்கமாக எப்போது கிளம்பும் என்றால், செத்த நகல்கள் 50-ம், அதோடு டேபிளின் பதிவுகளில் 20 சதவீதமும் சேர்ந்த எண்ணிக்கையைத் தாண்டும்போது. உங்கள் நாற்பது பதிவுக்கு அது 58. நீங்கள் எழுதுகிற வேகத்தில் அந்த எண்ணிக்கை ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆக ஆட்டோவேக்யூம் கிளம்பித்தான் இருக்கும், ஆனால் கூட்ட முடியாமல் திரும்பியிருக்கும். ஏன் முடியவில்லை? யாரோ ஒருவர் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு மூடாமல் போயிருக்கிறார். அந்த டிரான்ஸாக்‌ஷன் பழைய நிலையைப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதால், அது தொடங்கிய பிறகு செத்த எந்த நகலையும் வேக்யூம் தொடாது. 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்ற வியூவைத் திறந்து, நிலை 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று இருப்பவற்றை டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி அடுக்கிப் பாருங்கள். பல நாளாகத் திறந்தே கிடக்கிற ஒன்று மேலே வந்து நிற்கும் என்பது என் கணிப்பு. பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் மூடாமல் விட்ட குவெரி விண்டோவாகவோ, கமிட் செய்ய மறந்த ஒரு ஸ்கிரிப்ட்டாகவோ இருக்கும். அங்கே எதுவும் சிக்கவில்லை என்றால், யாரும் படிக்காமல் விட்டுவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அனுப்ப வைத்திருக்கும் குறிப்பு) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அதை முடித்துவிட்டு, சும்மா கிடக்கும் டிரான்ஸாக்‌ஷனைத் தானாகத் துண்டிக்கிற டைம்அவுட் ஒன்று இருக்கிறது, 9.6 பதிப்பிலிருந்து உண்டு, அதைச் சில நிமிடங்களுக்கு அமைத்துவிடுங்கள். ஆனால் வீங்கிய டேபிள் தானாகச் சுருங்காது. சாதாரண வேக்யூம் காலியான இடத்தை மறுபடி பயன்படுத்தத் தயார் செய்யுமே தவிர, கோப்பின் கடைசியில் இருக்கிற காலி இடத்தைத் தவிர மற்றதை டிஸ்குக்குத் திருப்பித் தராது. அதற்கு 'வேக்யூம் ஃபுல்' வேண்டும், அது ஓடுகிற நேரம் முழுக்க டேபிளை யாரும் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. நாற்பது பதிவுதான் என்பதால் உங்களுக்குச் சீக்கிரம் முடியும், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் செய்துவிடுங்கள். அப்புறம் அந்த டேபிளுக்கு 'ஃபில்ஃபேக்டர்' (ஒவ்வொரு பக்கத்தையும் எவ்வளவு நிரப்பலாம் என்ற அளவு) குறைவாக வைத்து, அடிக்கடி மாறுகிற அந்த நிலைக் காலத்தின் மேல் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) போடாமல் விட்டால், புது நகல் அதே பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், இண்டெக்ஸைத் தொட வேண்டியிருக்காது.

பெரிய டேபிளில் தொந்தரவு வேறு மாதிரி வரும். ஒரு கோடி பதிவு இருந்தால் 20 சதவீதம் என்பது 20 லட்சம் செத்த நகல், அதுவரை காத்திருப்பது ரொம்பத் தாமதம், அந்த டேபிளுக்கு மட்டும் அந்த அளவை ஒன்று, இரண்டு சதவீதமாகக் குறையுங்கள். 2016-ல் ஊபர் நிறுவனம் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்குப் போனபோது சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, ஒரு சின்ன அப்டேட்டுக்கு டேபிளின் எல்லா இண்டெக்ஸிலும் எழுத வேண்டியிருக்கிறது என்பது. அது உண்மையான குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வர் மெதுவாகிறது என்று ஆட்டோவேக்யூமை அணைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. டிரான்ஸாக்‌ஷன் எண் 32 பிட் கொண்டது, பின்னோக்கிச் சுமார் 200 கோடி வரைதான் கணக்கு வைத்துக்கொள்ள முடியும். பழைய பதிவுகளை வேக்யூம் 'ஃப்ரீஸ்' செய்யாமல் (இனி எண் பார்க்க வேண்டாம் என்று குறிக்காமல்) விட்டால், அந்த எல்லை நெருங்கும்போது டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

கேள்வி: தக்காளி விவசாயிகள் குழுவுக்கு உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிறோம். பெயர்களை அகர வரிசையில் எடுத்தால் கந்தன், கனகா, கபிலன், கமலா என்று வருகிறது. கனகா எப்படிக் கபிலனுக்கு முன்னால் வந்தார்? ஊர்ப் பெயரைத் தேடினாலும் சில சமயம் கிடைப்பதில்லை.
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தமிழில் மென்பொருள் எழுதுகிற எல்லோரும் படிக்க வேண்டிய கேள்வி இது. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்த எண்ணில் இருக்கிறது, நம் அகர வரிசையிலோ அது மெய்யெழுத்துகளில் கடைசி. உங்கள் டேட்டாபேஸ் 'சி' என்ற கொலேஷனில் (எழுத்துகளை அடுக்கும் விதியில்) இருப்பது போலத் தெரிகிறது, அது வெறும் எண் வரிசையில்தான் அடுக்கும், ஆகவே ந, ன, ப, ம என்று போகிறது. போஸ்ட்கிரெஸின் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ கொலேஷன் உண்டு, தமிழுக்கானது 'டிஏ' என்று தொடங்கும். பெயர்க் காலத்துக்கு அதைக் கொடுங்கள், கந்தன், கபிலன், கமலா, கனகா என்று ஒழுங்காக வரும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேட் செய்யும்போது இந்த வரிசை விதிகளும் சில நேரம் மாறும், அப்போது பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ் தப்பான பதில் தரும், ரீஇண்டெக்ஸ் செய்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸின் மறைவான பலவீனங்களில் இது ஒன்று.

ஊர்ப் பெயர் கிடைக்காததற்குக் காரணம் உங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. பாலக்கோடு என்பதில் வரும் கோ-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதலாம், இல்லாவிட்டால் ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இது நிறைய வரும். 13-ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது, உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் அதன் வழியாக அனுப்புங்கள், பழைய பதிவுகளையும் ஒரு முறை திருத்திவிடுங்கள்.

பெயர்க் காலத்துக்கு 'வார்சார் 20', அதாவது அதிகபட்சம் இருபது எழுத்து, என்று வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தருமபுரி நமக்கு ஐந்து எழுத்து, போஸ்ட்கிரெஸ் எண்ணுவது எட்டு, ஏனென்றால் ரு, பு, ரி மூன்றிலும் உயிர்க்குறி தனியாக எண்ணப்படுகிறது. இடத்தைப் பார்த்தால் 24 பைட். கொஞ்சம் நீளமான பெயரும் ஊரும் சேர்ந்தால் இருபது போதாது. 'டெக்ஸ்ட்' என்றே வையுங்கள், வேகத்தில் வித்தியாசம் கிடையாது. 12-ஆம் பதிப்பிலிருந்து முழு உரைத் தேடலில் தமிழ்ச் சொற்களின் வேர் கண்டுபிடிக்கும் வசதியும் வந்திருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் சரியாக வராது, ஆனாலும் குறிப்புகளில் தேடுவதற்கு வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: என் கடையில் ஒரே கம்ப்யூட்டர், நான் மட்டும்தான் பில் போடுகிறேன். எனக்கும் போஸ்ட்கிரெஸ் வேண்டுமா?
— ஒரு வாசகர், அரூர்

பதில்: வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், ஒரே கோப்பு, தினமும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போது மட்டும் பில்லிங் புரோகிராமை மூடிவிடுங்கள். இரண்டாவது கவுன்டர் வைக்கும்போது மாறலாம்.

கேள்வி: காலை பத்து மணிக்கு எல்லோரும் லாகின் செய்ததும் 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்று பிழை வருகிறது. 'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்' அளவை ஆயிரமாக்கினேன், இப்போது சர்வரே திணறுகிறது.
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அந்த அளவு வழக்கமாக 100-ல் இருப்பதற்குக் காரணம் உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸ் தொடங்கும், மைஎஸ்க்யூஎல் அதைவிட இலகுவான ஒரு த்ரெட்டோடு முடித்துக்கொள்ளும். ஆயிரம் புராசஸ் என்றால் மெமரியும் போகும், சிபியுவும் போகும். பழையபடி நூறுக்கே கொண்டுவந்துவிட்டு முன்னால் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருளை வையுங்கள், நூற்றுக்கணக்கானவர்கள் வந்தாலும் சில டஜன் இணைப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கும். இதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் வைக்க வேண்டியிருப்பது போஸ்ட்கிரெஸின் குறைதான். அதோடு உங்கள் அப்ளிகேஷன் இணைப்பைத் திறந்து திறந்து மூடாமல் விடுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லில் லாட்ஜ் புக்கிங் சிஸ்டம் ஓடுகிறது, போஸ்ட்கிரெஸ் 11. நன்றாகத்தானே ஓடுகிறது, மாற்ற வேண்டுமா? பேக்கப்புக்கு டேட்டா ஃபோல்டரை ராத்திரி அப்படியே காப்பி செய்கிறோம்.
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: முதலில் பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரைக் காப்பி செய்வது பேக்கப் ஆகாது. காப்பி ஆகிற நேரத்திலேயே கோப்புகள் மாறிக்கொண்டிருக்கும், திரும்பப் போடும்போது திறக்காமலே போகலாம், அதைவிட மோசம், திறந்து தப்பான கணக்கைக் காட்டலாம். இன்று ராத்திரியிலிருந்து போஸ்ட்கிரெஸோடு வரும் 'பிஜி டம்ப்' என்ற கருவியால் எடுங்கள், புக்கிங்கை நிறுத்த வேண்டியதில்லை, எடுக்கத் தொடங்கிய நொடியின் நிலையை ஒழுங்காகப் பிடித்துவிடும். யூசர்களும் பாஸ்வேர்டுகளும் அதில் வராது, அவற்றை 'பிஜி டம்ப்ஆல்' வைத்துத் தனியாக எடுக்க வேண்டும். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு அன்றைய புக்கிங்குகள் சரியாக வருகின்றனவா என்று பார்த்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று நம்பலாம்.

மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுதான் ஆதரவு, 11-க்கு 2023 நவம்பரோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எதுவும் உங்கள் சர்வரில் அடைபடவில்லை. சின்னப் பதிப்பு மாற்றம் என்றால் மென்பொருளை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதும், பெரிய பதிப்பு மாற்றத்துக்குக் கொஞ்ச நேரமாவது நிறுத்த வேண்டும், இதில் போஸ்ட்கிரெஸ் இன்னும் முன்னேற வேண்டியிருக்கிறது. 'பிஜி அப்கிரேட்' வைத்து 11-லிருந்து நேராகப் புதிய பதிப்புக்கே போகலாம், இடையில் நிற்க வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக் கூட்டம் முடிந்த பிறகு, புக்கிங் குறைவாக இருக்கும் ஒரு வாரநாள் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கில் இடம் இருந்தால், பழைய கோப்புகளையே பகிர்ந்துகொள்ளும் 'லிங்க்' முறை வேண்டாம், காப்பி முறையையே எடுங்கள், ஏனென்றால் லிங்க் முறையில் புதியதைத் தொடங்கிவிட்டால் பழையதை மறுபடி ஓட்ட முடியாது. மாற்றி முடித்ததும், டேபிள்களின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் 'அனலைஸ்' ஓட்டிவிட்டு லாகினைத் திறந்துவிடுங்கள்.